அன்றைக்கு அவர் டேப் ஒட்டவில்லை

டீ குடிப்பதற்கு முன்னால் எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஒன்பது வருஷம் பார்த்தேன். ஒட்டுவார், கட்டைவிரலால் நீவிவிடுவார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருவார். பிறகு இடுப்பு உறையிலிருந்து, தொடாமலே சூட்டை அளக்கிற டெம்பரேச்சர் கன்னை உருவி, அந்த டேப்பின் மேல் சிவப்புப் புள்ளியை வைத்து விசையை அழுத்துவார். "அம்பத்தெட்டு. இப்போ குடிக்கலாம் பாய்." அதற்குள் என் டம்ளர் காலியாகி, டீக்கடைப் பையன் எடுத்துக்கொண்டே போயிருப்பான்.

ஊரில் எல்லோரும் அவரை 'டேப்பு சார்' என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதக் கை வரவில்லை, விடுங்கள். ரைஸ் மில், லாட்ஜ், குளிர் கிடங்கு என்று போய், மோட்டாரும் மின்சாரப் பலகையும் எங்கே அளவுக்கு மேல் சூடாகிறது என்று அந்தக் கன்னால் பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என் பெயிண்ட் கடை. அத்தா வைத்தது, இப்போது நான் பார்க்கிறேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் கடை ஸ்டூலில் ஒரு கால்மணி உட்காராமல் அவர் போனதில்லை.

முதல் தடவை வந்தது மங்கலான கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் கேட்டு. பளபளப்பு துளிகூட இருக்கக் கூடாதாம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரிடம், "வண்டிக்கா சார்?" என்று கேட்டேன். "இல்ல பாய், மோட்டாருக்கு. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அடிப்பேன், அவ்ளோதான்" என்றார். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். கடைக்குப் பின்னால் அலுமினிய டபராவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இருந்தது. கன்னை எடுத்து டபராவின் வயிற்றில் அடித்துக் காட்டினார். முப்பத்திநாலு என்று வந்தது. அட, ஆறிப்போச்சே என்று நான் டபராவைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே, வளையல் போட்டதுபோல நாலு விரலும் பதிந்துவிட்டது.

"தொடாதீங்க! மிசின் சொன்னா நம்பிடறதா?"

பிறகு டபராவில் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் காக்க வைத்து, டேப்பின் மேல் அடித்தார். எண்பத்தொன்பது.

அன்றைக்கு அவர் சொன்ன பாடத்தை நான் இப்போதும் ஒப்பிப்பேன். பளபளப்பான பொருள் தன் சூட்டை வெளியே விடுவதில் மகாக் கஞ்சன். எதிரே இருக்கிற சுவரையும் வானத்தையும் நம் மூஞ்சியையும்தான் திருப்பிக் காட்டும். கன் அதைப் பார்த்துவிட்டு, பொருளே குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கறுப்பு டேப் அப்படியில்லை, வாங்கின சூட்டை அப்படியே வெளியே சொல்லிவிடும். அதனால் முதலில் டேப்பின் மேல் அளக்க வேண்டும். பிறகு கன்னை டேப்பை ஒட்டிய வெற்றுப் பரப்பில் வைத்து, உள்ளே இருக்கிற ஒரு நம்பரை, டேப் காட்டிய சூடு வருகிற வரைக்கும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடையிலிருந்து வாங்கி வரும்போது அந்த நம்பர் புள்ளி தொண்ணூத்தஞ்சில் இருக்கும். "அது டேப்புக்கும் செங்கல்லுக்கும் மனுஷன் தோலுக்கும் சரி. பளபளக்குற எதுக்கும் ஆவாது. அதைத் திருத்தாம அளக்கறவன் அளக்கவே இல்லன்னு அர்த்தம் பாய்."

அப்படிச் சொன்ன மனுஷன்தான்.

அவருடைய கறாரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. கொரோனா அடங்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். மண்டப வாசலில் வாட்ச்மேன் வெயிலில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் நெற்றியில் கன்னை நீட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முப்பத்திமூணு, முப்பத்திநாலு. டேப்பு சார் நின்றுவிட்டார். "ஏம்பா, முப்பத்திமூணுன்னா பொணம்பா. நீ பொணத்தையா உள்ள அனுப்பற?" வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். அவரை நிழலுக்கு இழுத்துவந்து, கன்னை ஆறவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு எவ்வளவு கிட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று விரலை அகட்டிக் காட்டி, வரிசையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். பின்னால் பட்டுப்புடவைகள் முணுமுணுத்தன. பெண்ணின் சித்தப்பா, "யாருய்யா இந்தாளு, கல்யாணத்த நடத்த விடுவானா?" என்று கத்தினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவருடைய சொந்த மனைவிக்கு முப்பத்தெட்டு வந்தது. வெயிலில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த சூடு என்று எல்லோருக்கும் தெரியும். இவர் விடவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, கால்மணி கழித்து மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் உள்ளே போகச் சொன்னார். அதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அந்தம்மா என்னிடம், "இந்த மனுஷனுக்கு என்ன விட அந்தத் துப்பாக்கி ஒசத்தி பாய்" என்று சொன்னதை, நான் ரொம்ப நாள் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தாயா, எப்பேர்ப்பட்ட ஆள் என் சிநேகிதன் என்று.

கீழ்பென்னாத்தூர் மில் கதையும் அப்படித்தான் ஊருக்குப் பரவியது. சம்பா அறுவடை நேரம், நெல் மூட்டை வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கிறது. மின்சாரப் பலகையில் புதிதாகப் போட்ட செப்புப் பட்டை பளபளவென்று இருந்ததாம். கன் நாற்பத்தொன்று என்றது, மில் முதலாளி போகலாம் என்றார். இவர் போகவில்லை. மில்லை நிறுத்தி, டேப் ஒட்டி, மறுபடி ஓடவிட்டு அளந்தார். தொண்ணூற்றி நாலு. ஒரு போல்ட்டு தளர்ந்து உள்ளே வெந்துகொண்டிருந்தது. "அத மாத்தற வரைக்கும் மில்லு ஓடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பலகைக்கு முன்னால் காலை அகட்டி நின்றுவிட்டார். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். இவர் அசையவில்லை. மறுநாள் அந்த போல்ட்டைக் கழற்றியபோது அது கரிந்து கையோடு வந்தது. அதிலிருந்து முதலாளிக்கு டேப்பு சார் சொன்னால் வேதவாக்கு.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றுக்காரனிடம் ஏமாந்தால் நம்மைத் திட்டிக்கொண்டு போய்விடலாம்.

அதே மில் முதலாளிக்கு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி, ஒரு அன்னதான மண்டபம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மரமே கிடையாது. மலையைச் சுற்றுகிறவர்கள் செருப்பில்லாமல் நடப்பவர்கள். மற்ற இடங்களில் மர நிழலும் ஓரத்து மண்ணுமாக எப்படியோ சமாளித்துவிடுவார்கள். மண்டபத்துக்கு முன்னால் ஓரத்து மண்கூடக் கொதிக்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு நுனிக்காலில் தாவுவார்கள். தன் செலவில் அங்கே ஒரு நடைபட்டை போட்டு வெள்ளைப் பூச்சு பூசுகிறேன் என்று முதலாளி கிளம்பினார். பெயிண்ட் என் கடையிலிருந்து. அளந்து பார்த்தது டேப்பு சார். தார் ரோட்டில் டேப் ஒட்டினார், வெள்ளையிலும் டேப் ஒட்டினார், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து நிமிஷம் வெயிலில் நின்றார். தாரில் அறுபத்திமூணு, வெள்ளையில் நாற்பத்திநாலு. நிஜமாகவே கால் வைக்க முடிந்தது. ஜனங்கள் அதில் ஏறியதும் 'அப்பாடா' என்று நின்றுவிட்டுத்தான் நடந்தார்கள்.

அதில் அதிகம் சந்தோஷப்பட்டது என் கடை வசந்தாக்கா. கடையில் கலர் கலக்கும் மிசினை அவர்தான் பார்க்கிறார். என்னைவிட ஆறு வயசு மூத்தவர், பதினெட்டு வருஷமாகக் கூட இருப்பவர். மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்ததற்காகப் பன்னிரண்டு பௌர்ணமி மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். சர்க்கரை அதிகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, முள் குத்தினாலும் தெரியாது. செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மலைய சுத்தறப்போ செருப்பா? நல்லாக்கீதே கதை" என்று அக்கா கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான்தான் கத்துவேன்: விடியற்காலையில் போங்கக்கா, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கக்கா.

வெள்ளைப் பட்டை மூன்று மாதத்தில் அழுக்கேறி சாம்பல் நிறமாகிவிட்டது. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. யாரோ மேலேயிருந்து எடுத்த வீடியோவில் அவர் மண்டபத்து முன்னால் அழுக்குக் கோடு தெரிந்ததாம். வெள்ளி நிறத்தில் மின்னுகிற மாதிரி அலுமினியப் பூச்சு பூச வேண்டும், சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். எனக்கு உறுத்தியது. வெள்ளி பெயிண்ட் நான் தகரக் கூரைக்கும் இரும்பு கேட்டுக்கும் விற்கிறது. வெயிலில் நிற்கிற வெள்ளி கேட்டைத் தொட்டுத் திறந்தவனுக்குத் தெரியும் அதன் லட்சணம்.

டேப்பு சாரிடம் சொன்னேன். "சார், பத்தடிக்கு மட்டும் பூசித் தரேன். நீங்க அளந்து சரின்னா மீதிக்கு பெயிண்ட் தரேன். நீங்க வேணாம்னா எவன் கேட்டாலும் தர மாட்டேன்."

"என்னை எதுக்கு பாய் கோத்துவிடறீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

பங்குனிக் கடைசி. பகல் ஒரு மணி வெயில். மண்டபத்துக்கு முன்னால் பத்தடி வெள்ளிப் பட்டை கண்ணைப் பறித்தது. முதலாளி குடைக்குக் கீழே நின்றார். நான் செருப்போடு நின்றேன், சார் ஷூவோடு. அவர் தார் ரோட்டில் அடித்தார், அறுபத்திமூணு. வெள்ளிப் பட்டையில் நேராகச் சிவப்புப் புள்ளியை வைத்து அடித்தார், முப்பத்தெட்டு. முதலாளி கைதட்டினார். "பாத்தீங்களா பாய், உடம்புச் சூடுதான்!"

நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தேன். டேப் சுருள் வழக்கம்போல அதில்தான் இருந்தது.

"டேப்பு ஒட்டலையா சார்?"

அவர் என்னைப் பார்க்காமல் கன்னை உறையில் போட்டார். "இந்த வெயில்ல கம் இளகிடும் பாய். இதுக்கு அவ்ளோ தேவையில்ல."

தொண்ணூற்றி நாலு டிகிரி செப்பில் இளகாத கம். எண்பத்தொன்பது டிகிரி டபராவில் இளகாத கம். எனக்கு அது அந்த நிமிஷமே தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் நான் சொல்வதும் பொய்யாகிவிடும். ஆனால் பக்கத்தில் முதலாளி நிற்கிறார். எதிரே ஒன்பது வருஷத்துச் சிநேகிதன், ஊரில் இந்த விஷயத்தில் கடைசிச் சொல் அவருடையது. செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்திருந்தால் முடிந்தது விஷயம். அதையும் செய்யவில்லை. கையும் காலும் நம்பக்கூடாதவை, ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே காலையில் ஒன்று மாலையில் ஒன்று சொல்லும் என்று அவர்தான் எனக்கு இத்தனை வருஷமாக மண்டையில் ஏற்றியிருந்தார். நான் நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பெயிண்ட் போனது.

ஒரு வாரத்தில் மண்டபத்து முன்னால் போர்டு வைத்தார்கள். 'தார் 63, நடைபட்டை 38' என்று பெரிதாக. கீழே முதலாளி பெயர். அதைப் போட்டோ எடுத்து வந்து வசந்தாக்காவிடம் காட்டியதே நான்தான்.

சித்திரைப் பௌர்ணமிக் கூட்டம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. இரவில் காலை மிதித்துத் துவைத்துவிடுவார்கள். பேத்திக்கு ஜுரம் என்று அக்காவால் விடியலிலும் கிளம்ப முடியவில்லை. பகலில் போகலாமா என்று யோசித்துக்கொண்டே கடையில் நின்றார். நான் சொன்னேன்: "பகல்லயே போய்ட்டு வாங்கக்கா. மத்த எடத்துல மண்ணு மேல நடங்க. மண்டபத்துகிட்ட மட்டும் நம்ம பட்டை மேல போங்க, சுடாது. டேப்பு சாரே அளந்துட்டாரு."

"அவரு அளந்தா சரியாதான் பாய் இருக்கும்" என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்காவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார். மண்டபம் வந்ததும் கூட்டமெல்லாம் இறங்கி ஓரத்து மண்ணில் போனதாம். "இன்னாடா இது, முதலாளி இவ்ளோ செலவு பண்ணி போட்டிருக்காரு, ஜனங்க மண்ணுல போவுதேன்னு நெனச்சேன் பாய். பட்டை பூரா எனக்குத்தான் காலியா கெடந்துச்சு. நிம்மதியா மெதுவா நடந்தேன். நடுவுல நின்னு மலையப் பாத்துக் கும்பிட்டேன். பேத்தி பேரச் சொல்லி ரொம்ப நேரம் கும்பிட்டேன்." அக்கா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகு மகள்தான் தரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஈரக் கால் தடம். பாதத்தின் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. அக்காவுக்கு வலிக்கக்கூட இல்லை.

சர்க்கரைக்காரர் புண் ஆறுமா? மூன்றாவது வாரம் வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த மறுநாள் பகல், கடையில் விற்கிற டேப்பில் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கன் என்னிடமும் ஒன்று இருந்தது. அவர்தான் கூடவந்து பார்த்து வாங்கிக் கொடுத்தது. வெள்ளிப் பட்டையில் அப்படியே அடித்தேன், முப்பத்தொன்பது. டேப் ஒட்டினேன், நீவினேன், ஐந்து நிமிஷம் நின்றேன். கம் இளகவில்லை. அடித்தேன். அறுபது. பட்டையின் மேல் கன்னை வைத்துக்கொண்டு அந்த நம்பரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அறுபது வந்தபோது அது புள்ளி தொண்ணூத்தஞ்சிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்தேன். 'யா அல்லா' என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் போன ஒரு பெரியவர், "அதுல வைக்காதீங்க பாய், பொரிஞ்சிடும்" என்றார். ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: தவறிப்போச்சு பாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு மனுஷா, நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போகிறேன்.

"சார், டேப்பு ஒட்டினா அறுவது காட்டுது."

"காட்டும்" என்றார். துணியைப் பிழிந்து வண்டியின் மேல் போட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பாய். காட்டும்னு தெரிஞ்சுதான் ஒட்டல."

அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"எனக்கு அம்பத்தாறு வயசு. வெயில்ல ஊர் ஊரா வண்டி ஓட்டி மில்லு மில்லா வேலை கேக்க ஒடம்புல தெம்பில்ல. அவரோட மூணு மில்லு, ரெண்டு கெடங்கு, வருசம் பூரா எனக்கே குடுக்கறேன்னாரு. பட்டைய மட்டும் கொற சொல்லிடாதன்னாரு. நான் பொய் எழுதல பாய். மிசின் காட்டினதத்தான் எழுதினேன். எந்த நம்பர் வச்சு அளந்தேன்னு பேப்பர் அடியில போட்டிருக்கேன், புள்ளி தொண்ணூத்தஞ்சு. விஷயம் தெரிஞ்சவன் படிச்சா புரிஞ்சிக்குவான்."

"வசந்தாக்கா விஷயம் தெரிஞ்சவங்களா?"

"அவங்க செருப்பு போட்டிருக்கணும். டாக்டர் சொன்னதா நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க."

என் வாயில் அதுவரைக்கும் வராத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்து, என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தம்மாவுக்கும் தெரியும்போல. டேப்பு சார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "நீங்களும்தான் பாய் பக்கத்துல நின்னீங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிப்போய், அல்லது பதறினதுபோல, இரண்டே நாளில் வெள்ளை பூச வைத்தார், போர்டைக் கழற்றினார், அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றுக்கொண்டார். டேப்பு சாருக்கு ஒரு குறையும் வரவில்லை. மூன்று மில்லும் அவரிடம்தான். போய்வருகிற எலெக்ட்ரீஷியன்கள் சொல்கிறார்கள், இப்போதும் செப்புப் பட்டையைக் கண்டால் டேப் ஒட்டாமல் அளக்க மாட்டாராம். போன மாதம்கூட ஒரு மோட்டாரை நிறுத்தச் சொல்லி மேனேஜரோடு சண்டையாம். மோட்டார் வேகக் கூடாது அவருக்கு. கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லா இடத்திலும் பொய் சொல்கிற ஆளாக இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஆயுசில் ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ள அவருக்கு என் கடைப் பெயிண்டும் எங்கள் அக்கா காலும்தானா கிடைத்தது?

இப்போது அவர் என் கடை வழியாக வருவதில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கேள்வி. தெருவில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் இன்னமும் நான் ஸ்டூலை இழுத்துப் போடக் கை நீட்டுகிறேன், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

வசந்தாக்கா நாலு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த செருப்பு, கையில் ஒரு கம்பு. மிசின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் டப்பாவுக்குக் கலர் கலந்தார். நான் யாரைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. அக்காதான் எடுத்தார்.

"டேப்பு சார் வர்றதே இல்லியே பாய்? என் கால நெனச்சு சங்கடப்படறாரா? அவரு மேல இன்னா தப்பு, அவரு சரியாத்தான் அளந்திருப்பாரு. எல்லாம் என் சர்க்கர. வரச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் சரிக்கா என்றேன். மறுநாளும் அதையே கேட்டார், சரிக்கா என்றேன். பத்து நாள் இப்படியே ஓட்டினேன். தன் உடம்பையே குற்றவாளியாக்கி, அக்கா தினமும் அந்த ஆளுக்கு மன்னிப்புக் கொடுத்துக்கொண்டிருந்ததை என்னால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. பதினொன்றாம் நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லை. பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் மிசின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவரு சரியா அளக்கல. டேப்பு ஒட்டாமதான் அளந்தாரு. தெரிஞ்சே பண்ணாரு."

கையிலிருந்த டப்பாவை அக்கா கீழே வைத்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு. நானும் பாத்தேன்."

"எப்போ பாத்தீங்க?"

"அளந்த அன்னிக்கு. பக்கத்துலதான் நின்னேன்."

சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்போ அதப் பாத்துட்டு வந்துதான், போங்கக்கா சுடாதுன்னு எங்கிட்ட சொன்னீங்களா பாய்?"

மிசின் ஓடுகிற சத்தத்தில் கேட்காததுபோல நான் குனிந்து டப்பாக்களை அடுக்கினேன். அக்கா கையை நீட்டி மிசினை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நான் பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.